கொசு வளர்க்கும் ஆராய்ச்சி நிலையம்

கொசுவை யாருக்குத்தான் பிடிக்கும்? கண்ட இடத்தில் அடித்துக் கொல்வோம். புகை போட்டு விரட்டுவோம். வலை கட்டிக்கொண்டு தூங்குவோம். ஆனால் புதுச்சேரியில் இந்திரா நகரில் ஓர் இடம் இருக்கிறது. அங்கே அரசாங்கச் செலவில் கொசுக்களை வளர்க்கிறார்கள்! வளர்ப்பது என்றால் ஏனோதானோ என்று அல்ல. வெப்பம் ஏறாமலும் இறங்காமலும் 27 டிகிரி செல்சியஸை ஒட்டி வைக்கப்பட்ட அறைகள். காற்றில் போதிய ஈரப்பதம். கொசுப்புழுக்கள் நீந்துவதற்குத் தட்டுத் தட்டாகத் தண்ணீர். அவற்றுக்கு உணவாக ஈஸ்டும் பிஸ்கட் தூளும். வளர்ந்த கொசுக்களுக்கு வலைத்துணி போர்த்திய கூண்டுகள். குடிக்கச் சர்க்கரைக் கரைசல்!

இது என்ன வேடிக்கை என்று நினைக்கிறீர்களா? வேடிக்கை இல்லை. ஒரு பகைவனை வெல்ல வேண்டுமானால் அவன் எங்கே பிறக்கிறான், எதைத் தின்கிறான், எப்போது வெளியே வருகிறான், எங்கே ஓய்வெடுக்கிறான் என்பதையெல்லாம் முதலில் தெரிந்துகொள்ள வேண்டும் அல்லவா? அதற்காகத்தான் இந்த வளர்ப்பு.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 1975-ஆம் ஆண்டில் தொடங்கிய இந்த நிலையத்தின் பெயர் நோய்க் கடத்திகள் கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையம். நோயை ஒருவரிடமிருந்து மற்றொருவருக்குக் கொண்டு செல்லும் உயிருக்கு 'நோய்க் கடத்தி' என்று பெயர். கொசு அப்படிப்பட்ட ஒரு கடத்தி. அது சுமந்து செல்லும் ஒட்டுண்ணிகளில் இரண்டு நம் நாட்டுக்குப் பெரும் தொல்லை தந்தவை. ஒன்று மலேரியா ஒட்டுண்ணி. மற்றொன்று யானைக்கால் நோயைத் தரும் ஃபைலேரியா புழு. புதுச்சேரி மையம் பெயர் பெற்றது இந்த இரண்டாவது எதிரியோடு நடத்திய போரினால்தான். அந்தப் போரின் கதையைப் பார்ப்போமா?

நூல் போன்ற புழு

யானைக்கால் நோய் கண்டவர்களை நீங்கள் பார்த்திருக்கலாம். கால் வீங்கி, தோல் தடித்து, நடக்கவே முடியாமல் துன்பப்படுவார்கள். உயிரைக் கொல்லும் நோய் அல்ல இது. ஆனால் வாழ்க்கையைக் குலைத்துவிடும். வேலைக்குப் போக முடியாது, திருமணம் தடைப்படும், ஊரார் ஒதுக்குவார்கள். தொட்டால் ஒட்டிக்கொள்ளும், முன்வினைப் பயன் என்றெல்லாம் சொல்பவர்களும் உண்டு. இரண்டும் தவறு. இதற்குக் காரணம் ஒரு புழு. அது பரவுவது கொசுவினால் மட்டுமே.

அந்தப் புழுவின் பெயர் வூச்சரேரியா பான்கிராஃப்டி. வெள்ளை நூல் போல இருக்கும். பெண் புழுவின் நீளம் 8 முதல் 10 செ.மீ.; ஆண் புழு சுமார் 4 செ.மீ. நம் உடலில் இரத்தக் குழாய்களைப் போலவே நிணநீர் செல்லும் குழாய்களும் உண்டு. திசுக்களில் கசியும் நீரைத் திரும்ப இரத்தத்தில் சேர்ப்பது அவற்றின் வேலை. இந்தக் குழாய்களில்தான் புழுக்கள் குடியேறுகின்றன. ஐந்தாறு ஆண்டுகள், சில வேளை அதற்கு மேலும் உயிரோடிருக்கின்றன. சாக்கடையில் துணி அடைத்துக்கொண்டால் என்ன ஆகும்? தண்ணீர் தேங்கும். அதுபோல நிணநீர் தேங்கிக் கால் வீங்குகிறது. வீங்கிய தோலின் வெடிப்புகள் வழியே பாக்டீரியாக்கள் புகுந்து காய்ச்சலும் வலியும் தருகின்றன. அதனால் வீக்கம் மேலும் கூடுகிறது.

பெண் புழு முட்டையிடுவதில்லை. கால் மில்லிமீட்டர் நீளமே உள்ள குஞ்சுகளை லட்சக்கணக்கில் ஈனுகிறது. இவற்றுக்கு மைக்ரோஃபைலேரியா என்று பெயர். நாம் 'நுண்புழு' என்று சொல்லலாம். 1872-இல் கல்கத்தாவில் திமோத்தி லூயிஸ் என்ற மருத்துவர் மனித இரத்தத்தில் இவற்றைக் கண்டார். 1876-இல் ஆஸ்திரேலியாவில் பிரிஸ்பேன் நகர மருத்துவர் ஜோசப் பான்கிராஃப்ட் தாய்ப் புழுவைக் கண்டுபிடித்தார். 1877-இல் சீனாவின் அமாய் துறைமுகத்தில் பணியாற்றிய பாட்ரிக் மான்சன் ஒரு பெரிய உண்மையை வெளியிட்டார்: நுண்புழு கொசுவின் உடலுக்குள் சென்று அங்கே வளர்கிறது! ஒரு பூச்சிக்குள் மனித நோயின் ஒட்டுண்ணி வளர்வதை உலகம் அறிந்தது அப்போதுதான். மலேரியாவுக்கும் கொசுவுக்கும் உள்ள தொடர்பை ரொனால்டு ராஸ் கண்டறிய இன்னும் 20 ஆண்டுகள் இருந்தன.

இந்த நுண்புழுக்களிடம் ஒரு வியப்பான பழக்கம் உண்டு. பகலில் இவை நுரையீரலின் இரத்தக் குழாய்களில் பதுங்கிக்கொள்கின்றன. இரவு 10 மணிக்கு மேல் தோலை ஒட்டிய குழாய்களுக்கு வருகின்றன. ஏன் தெரியுமா? இவற்றைச் சுமக்கும் கியூலெக்ஸ் கொசு கடிப்பது நள்ளிரவை ஒட்டித்தான்! வண்டி வரும் நேரம் பார்த்து நிலையத்துக்கு வரும் பயணியைப் போல இருக்கிறது அல்லவா? அதனால்தான் இந்நோயைக் கண்டறியும் ஊழியர்கள் ஊர் உறங்கும் நேரத்தில் வீடு வீடாகச் சென்று, விரல் நுனியில் குத்தி ஒரு துளி இரத்தம் எடுக்கிறார்கள். பகலில் எடுத்தால் புழு இருந்தும் தெரியாமல் போய்விடும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்

மலேரியா ஒட்டுண்ணி கொசுவுக்குள் போனால் ஒன்று ஆயிரமாகப் பெருகும். ஃபைலேரியா அப்படிப் பெருகாது. கொசு உறிஞ்சிய நுண்புழுக்களில் பல இறந்துபோகும். தப்பியவை 10 முதல் 14 நாட்களில் வளர்ந்து கொசுவின் ஊதுகுழல் வாய்க்கு வந்து சேரும். கொசு அடுத்த முறை கடிக்கும்போது இவை நம் தோல்மீது விழும். கடிவாயின் துளை வழியே தாமே ஊர்ந்து உள்ளே போக வேண்டும். உள்ளே போன புழு வளர வேண்டும்; அதே உடலில் ஆணும் பெண்ணும் சந்திக்க வேண்டும். அப்போதுதான் புதிய நுண்புழுக்கள் பிறக்கும்.

எத்தனை தடைகள் பாருங்கள்! 1968-இல் ரங்கூன் நகரைப் பற்றி வெளியான ஓர் ஆய்வு இதைக் கணக்கிட்டது. புழு சுமந்த கொசுவின் கடிகள் சுமார் 15,500 விழுந்தால்தான் இரத்தத்தில் நுண்புழு உள்ள ஒரு புதிய மனிதர் உருவாகிறார் என்று அது கூறியது.

இந்த எண்ணை வைத்துக்கொண்டு ஓர் ஊரைக் கற்பனை செய்வோம். ஊரில் 15,500 பேர். ஒவ்வொருவரையும் புழு சுமந்த கொசு ஆண்டுக்கு 100 முறை கடிக்கிறது. அப்படியானால் ஆண்டுக்கு 100 புதிய பேர் புழுவைப் பெறுவார்கள். கடிகளை 100-லிருந்து 10-ஆகக் குறைத்தால்? 10 பேர்தான். இன்னும் குறைத்தால் ஆண் புழுவும் பெண் புழுவும் ஒரே உடலில் சேரும் வாய்ப்பே அருகிப் போகும். கொசு முழுவதும் ஒழிய வேண்டியதில்லை; ஓர் அளவுக்குக் கீழே போனால் போதும், நோய் தானாகவே மங்கி மறையும்! யானைக்கால் நோயை ஒழித்துவிடலாம் என்று அறிவியலாளர்கள் துணிந்து சொல்வதற்கு இந்தக் கணக்கும் ஒரு காரணம்.

புதுச்சேரித் தெருக்களில்

கணக்கு காகிதத்தில் சரி. தெருவில் சரிவருமா? 1981 முதல் 1985 வரை ஐந்து ஆண்டுகள் புதுச்சேரி நகரமே ஆய்வுக்கூடமாயிற்று. மையத்தின் இயக்குநராக இருந்த டாக்டர் பி. கே. ராஜகோபாலன் தலைமையில் அறிவியலாளர்கள் வேலையைத் தொடங்கினார்கள். அந்நாளில் நகரவாசி ஒருவரை ஆண்டொன்றுக்கு இருபதாயிரம் தடவைக்கு மேல் கொசு கடித்தது என்றால் நம்புவீர்களா? நாளுக்கு ஐம்பதுக்கு மேல்!

பூச்சிமருந்தை ஊரெங்கும் தெளித்தால் போதாதா? போதாது. தொடர்ந்து தெளித்தால் மருந்தைத் தாங்கும் கொசுக்கள் மட்டும் பிழைத்துப் பெருகும். கொஞ்ச நாளில் மருந்து தண்ணீராகிவிடும். ஆகவே இவர்கள் வேறு வழியில் போனார்கள். கொசு எங்கெல்லாம் பிறக்கிறது என்று தேடினார்கள். கியூலெக்ஸ் கொசுவுக்கு அழுக்குத் தண்ணீர்தான் பிடிக்கும். சாக்கடை, கழிவுநீர்க் குழி, பாழுங்கிணறு ஆகியவைதான் அதன் பிறப்பிடங்கள். அங்கே நூற்றுக்கு மேற்பட்ட முட்டைகளைச் சேர்த்து ஒட்டி, ஒரு தெப்பம் போல மிதக்கவிடும். பத்துப் பன்னிரண்டு நாட்களில் அத்தனையும் கொசுவாகிவிடும்.

பிறப்பிடம் ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு வைத்தியம். குழிகளை மூடினார்கள். அடைபட்ட சாக்கடைகளில் நீர் ஓடச் செய்தார்கள். சில இடங்களில் கொசுப்புழுவைத் தின்னும் மீன்களை விட்டார்கள். பயன்படாத கிணறுகளுக்கு எளிய ஓர் உத்தி கண்டார்கள். பெட்டிகளில் சாமான் உடையாமல் இருக்க வைத்து அனுப்பும் தெர்மோகோலைப் பார்த்திருப்பீர்கள். அதன் சின்னஞ்சிறு மணிகளைக் கிணற்று நீரின்மேல் கொட்டிவிட்டார்கள். மணிகள் மிதந்து நீரை மூடிக்கொண்டன. கொசுப்புழு நீருக்குள் வாழ்ந்தாலும் மூச்சு விடுவது வெளிக்காற்றில்தான். வால்பக்கம் உள்ள குழலை நீர்மட்டத்துக்கு நீட்டிக் காற்றை இழுக்கும். நீர்மட்டமே மூடிக்கிடந்தால்? மூச்சுத் திணறிச் சாக வேண்டியதுதான். தாய்க்கொசு முட்டையிடவும் இடமில்லை. விஷம் இல்லை, மணிகள் மக்குவதும் இல்லை, ஒருமுறை போட்டால் நெடுநாள் வேலை செய்யும்.

ஐந்து ஆண்டுகளில் கொசுக்கடி பெருமளவு குறைந்தது. ஆனால் இந்த முயற்சியிலிருந்து இன்னொரு பாடமும் கிடைக்கிறது. கொசு குறைந்தாலும், ஏற்கெனவே மனித உடலுக்குள் குடியிருக்கும் புழுக்கள் சாகவில்லை அல்லவா? அவை ஆண்டுக்கணக்கில் நுண்புழுக்களை ஈன்றுகொண்டே இருக்கும். இடையில் நாம் கை ஓய்ந்து, கொசு மீண்டும் பெருகினால் பழைய கதைதான். எனவே கொசுவை வெளியேயும் புழுவை உள்ளேயும் ஒருசேரத் தாக்க வேண்டும்.

ஆகாயத்தாமரையின் வேரில்

புதுச்சேரியில் வென்ற முறையைக் கேரளத்துக்கு அப்படியே எடுத்துச் செல்லலாமா? முடியாது! ஆலப்புழை மாவட்டத்தில் உள்ள சேர்த்தலையில் யானைக்கால் நோயைத் தருவது வேறொரு புழு. அதன் பெயர் புருகியா மலாயி. அதைச் சுமப்பதும் வேறொரு கொசு, அது மான்சோனியா. இதன் புழுப்பருவம் மூச்சு விட நீர்மட்டத்துக்கு வருவதே இல்லை. ஆகாயத்தாமரை போன்ற நீர்ச்செடிகளின் வேரில் குழலைக் குத்தி, அங்கிருக்கும் காற்றை இழுத்துக்கொள்கிறது. தெர்மோகோல் மணி இங்கே என்ன செய்யும்?

ஆகவே செடியை எடுத்தால் கொசு போகும். ஆனால் சேர்த்தலையில் குளம் இல்லாத தோட்டம் அரிது. அத்தனை குளங்களிலும் செடியை யார் எடுப்பது? எடுத்தாலும் மீண்டும் முளைக்குமே! 1986-இல் அங்கே பணி தொடங்கிய மையத்தினர் மக்களிடம் மீன் வளர்க்கச் சொன்னார்கள். மீன் வளர வேண்டுமானால் குளம் சுத்தமாக இருக்க வேண்டும். மீன் விற்றால் காசு. காசுக்காகக் குளத்தைச் சுத்தம் செய்தார்கள், கொசுவும் ஒழிந்தது! புல்கெண்டை மீன் தானே நீர்ச்செடிகளைத் தின்று உதவியது. பள்ளிகளில் உங்களைப் போன்ற மாணவர்கள் மன்றங்கள் அமைத்து இந்த வேலையில் சேர்ந்துகொண்டார்கள்.

கொசுவைக் கொல்லும் பாக்டீரியா

1976-இல் இஸ்ரேலின் நெகேவ் பாலைவனத்தில் கொசுப்புழுக்கள் செத்துக் கிடந்த ஒரு குட்டையிலிருந்து ஒரு பாக்டீரியாவைப் பிரித்தெடுத்தார்கள். அதன் பெயர் பாசிலஸ் துரிஞ்சியென்சிஸ் இஸ்ரேலென்சிஸ். இது தன் உடலுக்குள் புரதப் படிகங்களை உண்டாக்குகிறது. கொசுப்புழு இதைத் தின்றால், அதன் குடலில் உள்ள காரநீரில் படிகம் கரைந்து நஞ்சாகிக் குடலையே அரித்துவிடும். நம் வயிற்றில் இருப்பது அமிலம். அந்த நஞ்சு பற்றிக்கொள்ளும் இடமும் நம் குடலில் கிடையாது. அதனால் நமக்கும் மீனுக்கும் மாட்டுக்கும் தீங்கில்லை. புதுச்சேரி மையம் இதே இனத்தில் தனக்கென ஒரு வகையைப் பிரித்தெடுத்தது. அதைப் பெரிய அளவில் வளர்க்கும் முறையை உருவாக்கித் தொழிற்சாலைகளுக்கும் கொடுத்தது.

மாத்திரை ஏன் விழுங்க வேண்டும்?

இனி உடலுக்குள் இருக்கும் எதிரியைப் பார்ப்போம். டைஎத்தில்கார்பமசின் என்ற மருந்து நுண்புழுக்களை அழிக்கிறது. 1940-களில் அமெரிக்காவின் லெடர்லி ஆய்வுக்கூடத்தில் இதை உருவாக்கிய குழுவின் தலைவர் எல்லாப்பிரகத சுப்பாராவ். பீமவரத்தில் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர் அவர்.

முன்பெல்லாம் இந்த மருந்தை 12 நாட்கள் தொடர்ந்து கொடுத்தார்கள். ஓர் ஊர் முழுவதையும் 12 நாட்கள் மருந்து சாப்பிட வைப்பது எளிதா? ஆண்டுக்கு ஒரே ஒரு தடவை கொடுத்தால் என்ன என்ற கேள்வி பிறந்தது. அப்படிக் கொடுத்தாலும் நுண்புழுக்கள் மாதக்கணக்கில் குறைந்தே இருக்கின்றன என்று ஆய்வுகள் காட்டின. தமிழ்நாட்டுக் கிராமங்களில் புதுச்சேரி மையம் நடத்திய ஆய்வுகளும் இவற்றில் சேரும். 2000-ஆம் ஆண்டில் உலக சுகாதார நிறுவனம் இந்நோயை ஒழிக்கும் திட்டத்தைத் தொடங்கியது. 2004 முதல் இந்தியாவில் நோயுள்ள மாவட்டங்களில் ஊர் முழுவதற்கும் மாத்திரை கொடுக்கும் பணி நடந்து வருகிறது. மூன்று மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் முறையை 2017-இல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது. அது நம் மக்களுக்குப் பாதுகாப்பானதா என்று கர்நாடகத்தின் யாத்கிர் மாவட்டத்தில் சோதித்தறிந்ததும் புதுச்சேரி மையமே.

'எனக்குத்தான் கால் வீங்கவில்லையே, நான் ஏன் மாத்திரை விழுங்க வேண்டும்?' என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. இந்தப் போரில் தோல்வி வருவதே இந்தக் கேள்விக்கு விடை தெரியாததால்தான். இரத்தத்தில் நுண்புழு உள்ளவர்களில் பெரும்பாலோர் உங்களைப் போலவே ஓடியாடித் திரிபவர்கள், அவர்களுக்கே தெரியாது. கொசுவுக்குப் புழுவைக் கொடுப்பவர்கள் அவர்கள்தான். மாறாக, கால் வீங்கி முதிர்ந்த நோயாளியின் இரத்தத்தில் பெரும்பாலும் நுண்புழுவே இருப்பதில்லை! ஊரார் ஒதுக்கி வைப்பது யாரை, நோய் பரவுவது யாரிடமிருந்து என்று யோசித்துப் பாருங்கள்.

மாத்திரை விழுங்கிய சிலருக்குக் காய்ச்சலும் தலைவலியும் வரலாம். உள்ளே புழுக்கள் சாவதால் வருவது அது. ஓரிரு நாளில் போய்விடும். இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகள், கருவுற்ற பெண்கள், கடும் நோயால் படுத்திருப்பவர்கள் ஆகியோருக்கு இந்த மாத்திரை தருவதில்லை. மற்றவர்கள் வாங்கி வைத்துக்கொள்ளாமல், கொடுப்பவர் கண்முன்னே விழுங்க வேண்டும்.

வீங்கிய காலைப் பழைய நிலைக்கு மாத்திரையால் கொண்டுவர முடியாது. ஆனால் தினமும் சோப்பு போட்டுக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, வெடிப்புகளுக்கு மருந்திட்டு வந்தால் காய்ச்சலும் வலியும் குறையும். வீக்கம் கூடாமலும் தடுக்கலாம்.

கற்றுக்கொடுக்கும் இடம்

ஆராய்ச்சி மட்டும் போதாது. அதைச் செய்ய ஆட்கள் வேண்டும். இந்த மையம் ஒரு பள்ளிக்கூடமும் ஆகும். புதுவைப் பல்கலைக்கழகத்துடன் இணைந்து பொதுச் சுகாதாரப் பூச்சியியலில் எம்.எஸ்சி. பட்டப்படிப்பு இங்கே நடத்தப்பட்டு வந்திருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் இதை யானைக்கால் நோய் ஆராய்ச்சிக்கும் பயிற்சிக்கும் உரிய ஒத்துழைப்பு மையமாக ஏற்றதால், பிற நாடுகளிலிருந்தும் சுகாதார அலுவலர்கள் வந்து பயின்றிருக்கிறார்கள். ஒடிசாவில் கோராபுட் மலைப்பகுதியில் மலேரியாவை ஆராய ஒரு கிளையும் உண்டு.

இங்கே என்ன கற்பார்கள்? கொசுவின் இறக்கைச் செதிலையும் கால் வளையத்தையும் பார்த்து இனம் சொல்லக் கற்பார்கள். ஊசிமுனையால் கொசுவை அறுத்து, நுண்பெருக்கியில் புழுவைத் தேடக் கற்பார்கள். விடியற்காலையில் வீடுகளுக்குள் ஓய்வெடுக்கும் கொசுக்களை உறிஞ்சுகுழலால் பிடிக்கவும் கற்பார்கள். மாத்திரை கொடுத்து முடித்த ஊரில் நோய் போய்விட்டதா என்று அறியக் கொசுவே இப்போது சாட்சி சொல்கிறது. பொறி வைத்துப் பிடித்த கொசுக்களைக் கூட்டம் கூட்டமாக அரைத்து, அவற்றில் புழுவின் டி.என்.ஏ. இருக்கிறதா என்று பி.சி.ஆர். முறையில் பார்க்கிறார்கள். ஒருவர் விரலையும் குத்தாமலே ஊரின் நிலை தெரிந்துவிடுகிறது!

வெற்றி முடியுமா? முடியும். இலங்கையும் மாலத்தீவும் இந்நோயைப் பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையிலிருந்து நீக்கிவிட்டதாக 2016-இல் உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது. இந்தியா 2027-ஆம் ஆண்டை இலக்காக 2023-இல் அறிவித்தது.

நீங்கள் செய்து பாருங்கள்

கொசுப்புழு உள்ள தண்ணீரை ஒரு கண்ணாடிப் பாட்டிலில் எடுத்து வாருங்கள். வாயை மெல்லிய துணியால் கட்டிவிடுங்கள். புழு எப்படி மிதக்கிறது என்று பாருங்கள். நீர்மட்டத்திலிருந்து தலைகீழாகச் சாய்ந்து தொங்கினால் அது கியூலெக்ஸாகவோ ஏடிஸாகவோ இருக்கும். நீர்மட்டத்தோடு ஒட்டிப் படுக்கையாக இருந்தால் அனாபிலிஸ். பாட்டிலைத் தட்டினால் அடியில் பாயும். சற்று நேரத்தில் காற்றுக்காக மேலே வரும். எத்தனை நொடியில் வருகிறது என்று கடிகாரம் வைத்துக் குறியுங்கள். பிறகு தெர்மோகோல் மணிகளைத் தூவி நீரை முழுதும் மூடிவிட்டு, என்ன நடக்கிறது என்று கவனியுங்கள். மூன்று நாட்களுக்குள் சோதனையை முடித்து, தண்ணீரை வெயில் காயும் மண்ணில் கொட்டிவிடுங்கள்.

அப்புறம் வீட்டைச் சுற்றி ஒரு முறை நடந்து வாருங்கள். கழிவுநீர்த் தொட்டியின் காற்றுக்குழாய் திறந்து கிடக்கிறதா? அதன் வாயில் ஒரு கொசுவலைத் துண்டைக் கட்டுங்கள். சில ரூபாய்ச் செலவு. பத்து நிமிட வேலை. ஆனால் அந்தக் குழாய் வழியே இரவுதோறும் பறந்து வரும் கொசுக்களில் எத்தனை குறையும் என்பதை அடுத்த வாரம் நீங்களே எண்ணிப் பார்க்கலாம்.